தகர ரேடியோவில் ஐந்து பெயர்கள்

1

சில மாதங்களுக்கு முன்னால் பேச்சுத் தேர்வில் தோற்றுப் போனேன்.

சுவிஸில் குடியுரிமை கேட்பவர்கள் ஜெர்மன் மொழியில் பேசிக் காட்ட வேண்டும். எழுத்துப் பரீட்சையில் எப்படியோ தப்பிவிட்டேன். பேச்சுத் தேர்வு ஒரு சின்ன அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் கேள்வி கேட்பவர், மற்றவர் குறிப்பெடுப்பவர். கேட்டவர் நல்ல மனிதர். தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்துவிட்டு, "இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்னால் என்ன வேலை செய்தீர்கள்?" என்றார்.

இருபது வருடமாக ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறேன். வாளி, கையுறை, ஈரத் தரை, 'கவனம், வழுக்கும்' என்பதெல்லாம் ஜெர்மன் மொழியில் தானாக வாய்க்கு வரும். இந்தக் கேள்வியை மட்டும் இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. வார்த்தைகளைத் தேடிப் பொறுக்கி, "நான் ரேடியோவோடு வேலை செய்தேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஓ, நானும் அப்படித்தான். சமைக்கும்போது ரேடியோ இல்லாமல் எனக்கு ஓடாது" என்றார்.

நான் "ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்வது? அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் சரியாக வாய் திறக்கவில்லை. கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள் என்று மூன்று முறை கேட்டுக்கொண்டார்கள். என்னைப் பார்த்துச் சத்தமாகப் பேசச் சொல்கிறார்களே என்று சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் டிராமில் உட்கார்ந்தபோது சிரிப்பு போய்விட்டது. களைப்புத்தான் மிச்சம்.

2

ஊரில் இதைப் படிக்கிறவர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால், இலங்கை மலையகத்தில் பதுளைப் பக்கத்தவராக இருந்தால், தகர ரேடியோ நினைவிருக்கலாம். அதற்கு வேறு ஒரு கௌரவமான பெயர் இருந்தது. அந்தப் பெயரை ஒருவரும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. டவுனுக்கு மேலே, ஏற்றத்தில், யாரோ விட்டுப்போன பழைய குவாட்டர்ஸ் ஒன்றில் அந்த எப்.எம். நிலையம் இருந்தது. தகரக் கூரை. ஒலி எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டைகளும் தேயிலைச் சாக்குகளும் ஒட்டியிருந்தார்கள். நாள் முழுக்கச் சிங்களம். பின்னேரம், பெண்கள் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பும் நேரத்தில், தமிழ். அந்தத் தமிழ் நேரத்தை நடத்தியவள் நான். அப்புத்தளைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, உயர்தர வகுப்பு வரை படித்து, டவுனில் சித்தி வீட்டில் தங்கியிருந்த செல்வராணி. ரேடியோவில் ராணியக்கா.

ஐப்பசி கார்த்திகையில் பின்னேரம் தோறும் மழை. கூரையில் மழை விழுந்தால் என் குரலே எனக்குக் கேட்காது. "மழை பேயுதுங்க, சத்தமாப் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க" என்று கத்துவேன். மலைக்கு மலை மழை நேரம் மாறும். பதுளையில் பெய்கிற சத்தம் ரேடியோவில் கேட்டதும் பக்கத்துத் தோட்டங்களில் கொடித் துணியை எடுத்துவிடுவார்களாம். வானிலை அறிக்கை அனுப்ப ஒரு அரசாங்கத் திணைக்களம் இருந்தது. எங்கள் கூரையைத்தான் ஜனங்கள் நம்பினார்கள்.

பாட்டுப் போட ஒரே ஒரு கேசட் பெட்டி. மாதத்தில் பாதி நாள் நாடா சிக்கிக்கொள்ளும். பென்சிலை விட்டுச் சுற்றிச் சரி செய்யும்வரை நான் எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் என்ன சாப்பிட்டேன், பஸ்ஸில் யார் சண்டை போட்டார்கள், காணாமல் போன பசு கிடைத்துவிட்டதா, எந்தத் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்கு டாக்டர் வருகிறார். ஒருமுறை ஒரு போஸ்ட் கார்ட் வந்தது. 'ராணியக்கா, இந்த வாரம் கேசட் சிக்கவே இல்லையே, என்ன ஆச்சு?'

நிலையப் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். விஜேரத்ன மாத்தயா; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. சிங்களவர். தமிழில் பத்துப் பதினைந்து வார்த்தைதான் தெரியும். யுத்த காலம் என்பதால் நான் பேசப்போவது ஒவ்வொன்றையும் முதல் நாளே சிங்களத்தில் மாற்றி எழுதி அவர் மேசையில் வைக்க வேண்டும், அது மேலே போய்க் கையெழுத்தாகி வர வேண்டும் என்று சட்டம். பாட்டு விரும்பிக் கேட்கிறவர்களின் பெயர்களுக்கு மட்டும் விலக்கு. பெயருக்கு என்ன மொழிபெயர்ப்பு என்று யாரோ ஒரு புத்திசாலி நினைத்திருக்கிறார். கேசட் சிக்கும்போது நான் பேசுகிற பேச்சு சட்டத்தில் எங்கே வருகிறது என்று மாத்தயாவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

3

தேர்வில் தோற்ற கடிதத்தை முதலில் பிரித்தவள் என் மகள் அபி. இந்த வீட்டுக்கு வருகிற கடிதங்களை எல்லாம் பத்து வயதிலிருந்து அவள்தான் படிக்கிறாள். இப்போது பதினேழு. குறிப்பெடுத்தவர் கீழே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ரேடியோ எண்டு என்னத்தைச் சொன்னனீங்கள்?"

"ரேடியோவுல வேலை செஞ்சேன்னு சொல்ல வந்தேன். மாத்திச் சொல்லிட்டேன்."

"ஆர்? நீங்களோ?"

என் மகள் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். அப்பாவின் தமிழ், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தமிழ். அங்கே ஒருமுறை அவள் "போறேன்" என்று சொன்னதற்கு ஆசிரியை, "அது படத்தில கதைக்கிற பாஷை, போறன் எண்டு சொல்லும்" என்று திருத்தினார். அன்றிலிருந்து என் தமிழ் இந்த வீட்டில் எனக்கு மட்டும் உரியது. சிறு வயதில், நான் பேசினால் அவள் சிநேகிதிகள் சிரிப்பார்கள் என்று, அவர்கள் வருகிற நாட்களில் நான் சமையலறையிலேயே இருந்துகொள்வேன். அவள் இருக்கச் சொல்லவில்லை. வெளியே வரவும் சொல்லவில்லை.

அவளிடம் ரேடியோவைப் பற்றி நான் சொன்னதே இல்லை. மறைக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் இடுப்பு வலி, சமையல், அவளுக்கு வீட்டுப்பாடம். சொல்வதற்கு ஒரு மாலை நேரம் வாய்க்கவில்லை. அப்படியே வருடங்கள் போய்விட்டன.

"சரி, அடுத்த தரம் இதைத்தான் வடிவாச் சொல்லப் போறீங்கள்," என்றாள். "முழுக்கச் சொல்லுங்கோ. நான் டொச்சில எழுதித் தாறன். பாடமாக்குங்கோ." ஜெர்மனை அவள் டொச் என்பாள்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசையில், அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.

4

அந்த நாட்களில் நாட்டில் எங்கே என்ன வெடித்தாலும் அடுத்த நாள் டவுனில் பொலிஸ்காரர்கள் தமிழ் இளைஞர்களை நிறுத்தி அடையாள அட்டை கேட்பார்கள். தோட்டத்தில் பாதிப் பேருக்கு அட்டையே கிடையாது. பிடித்தால் எங்கே கொண்டுபோகிறார்கள் என்று வீட்டுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு ஓடிவருவதற்குள் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். அதன்பிறகு தேடுவது அடர்ந்த காட்டில் தொலைந்த கன்றைத் தேடுவது மாதிரி.

ஒரு பின்னேரம், நான் ஒலிபரப்புக்கு உட்காரப் போகும் நேரம், ஒருவர் மழையில் நனைந்து ஏற்றத்தில் ஓடி வந்தார். சட்டைப் பை கிழிந்து தொங்கியது.

"மிஸ், நான் இஞ்ச கவர்ன்மெண்ட் கந்தோரில கிளார்க். பேர் சிவநேசன். காலமை பஸ் ஸ்டாண்டில வைச்சுப் பிடிச்சவை. கந்தோரால ஆள் வந்து சொன்னபடியா இப்ப விட்டிட்டினம். என்னோட தோட்டத்துப் பெடியள் ஐஞ்சு பேர். அவையள் இன்னும் மார்க்கெட்டுக்குப் பின்னால பழைய மண்டபத்துக்குள்ளை நிக்கினம். வீட்டுக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் ரேடியோவில சொல்லுவியளோ?"

"அப்பிடியெல்லாம் சொல்ல முடியாதுங்க சார். எழுதி, சிங்களத்துல மாத்தி, கையெழுத்து வாங்கணும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"நாளைக்கு ஆகும்."

"நாளைக்கு அவையள் அங்க இருப்பினமோ தெரியாது, மிஸ்."

மாத்தயா வழக்கம்போல வெளி விறாந்தையில், தன் சின்ன ரேடியோவைக் காதோடு வைத்து உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு இந்த மனிதரைப் பார்த்தேன்.

"பேரச் சொல்லுங்க. தோட்டம், பிரிவு, எல்லாத்தையும் சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு தடங்கல் இல்லாமல் சொன்னார். இவரை விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அந்த இளைஞர்கள் சுற்றி நின்று திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார்களாம். ஐந்தாவது பெயரில் நான் நிறுத்தினேன். லோகநாதன். லுணுகலைக்கு அப்பால் ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவு.

"என்ன மிஸ்?"

"அந்தப் பக்கம் மலை மறைக்குது சார். எங்க ரேடியோ கேக்காது."

"சொல்லுங்கோ. ஆரும் கேட்டுப் போய்ச் சொல்லுவினம்."

ஒலிவாங்கியைத் திறந்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த பாட்டை இந்த ஐந்து நண்பர்கள் தங்கள் வீட்டாருக்காக விரும்பிக் கேட்கிறார்கள் என்றேன். பெயர், தோட்டம், பிரிவு, ஒவ்வொன்றாக, இரண்டு தரம். "இவங்க எல்லாம் இன்னைக்குப் பதுளை டவுன்ல, மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்குற பழைய மண்டபத்துல ஒண்ணா பொறந்தநாள் கொண்டாடுறாங்க. சொகமா இருக்காங்க. வீட்டுக்காரங்க பொறப்புப் பத்திரத்த எடுத்துக்கிட்டு, தோட்டத்துத் தொரைகிட்ட ஒரு கடுதாசியும் வாங்கிக்கிட்டு, விடிஞ்சதும் வந்து வாழ்த்துச் சொல்லணுமாம். நேரத்தோட வாங்க. அப்பறம் அவங்க தூரப் பயணம் போயிருவாங்க."

பாட்டைப் போட்டேன். அன்றைக்கு என்று பார்த்து நாடா சிக்கவில்லை.

முடிந்ததும் மாத்தயா உள்ளே வந்தார். "இன்னிக்கி பாட்டு ஒன்னு, பேர் அஞ்சு. ரெண்டு தரம். ஏன் மகள்?" என்றார். நான் சிங்களத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் வாசலில் ஈரத்தோடு நின்ற சிவநேசனை ஒரு தடவை பார்த்தார். நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"எனக்கி தமில் தெரியாது தானே," என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

5

இந்த இடத்தில் அபி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அப்பாவோ அது?" என்றாள். முன் அறையில் அவள் அப்பா தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ரெஸ்டோரண்ட் சமையலறையில் வாரத்துக்கு ஆறு நாள் நிற்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேச மாட்டார்.

நான் பாட்டுப் போட்டதற்கு மறுநாள் விடியற்காலை நான்கு குடும்பங்கள் மண்டபத்து வாசலில் நின்றன. அதில் ஒரு தாய் அப்புத்தளையிலிருந்து, லொறி ஒன்றில் இடம் கேட்டு வந்திருந்தாள். ஐந்தாவது வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. சிவநேசன் அங்கே போய்ப் பார்த்துவிட்டு நேரே சித்தி வீட்டுக்கு வந்தார். இருவரும் லுணுகலைக்குப் பஸ் ஏறினோம். முன்பின் தெரியாத ஆணோடு நான் பஸ்ஸில் போனது அதுவே முதல் தடவை. வழியில் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

லுணுகலையில் இறங்கித் தோட்டத்துப் பாதையில் நெடுந்தூரம் நடந்தோம். லோகநாதனின் அம்மா பாக்கியம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். மெலிந்த, உயரமான பெண். கங்காணி கூப்பிட்டதும் தலையில் கூடையோடு தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கி வந்தாள்.

"ஒங்க மகன் பதுளையில இருக்காருங்கம்மா. நல்லா இருக்காரு. ஆனா புடிச்சு வச்சிருக்காங்க," என்றேன்.

"கடையில வேலைக்குச் சேரப் போறேன்னு நேத்துத்தானே போனான். ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"இந்த சார் அவரோட ஒண்ணா இருந்தாரு."

"நீங்க யாரும்மா?"

"ரேடியோவுல பேசுறேங்கம்மா."

"எந்த ரேடியோ?"

சொன்னேன். அவள் கேள்விப்பட்டதே இல்லை. "வேற யாரு புள்ளைகளும் இருக்காங்களா?" என்றாள்.

"நாலு பேரு. அவங்க வீட்டுக்காரங்க காலையிலேயே வந்துட்டாங்க."

"அவங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"நேத்து ரேடியோவுல சொன்னேங்கம்மா."

பாக்கியம் கூடையை இறக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"எல்லா லயத்துக்கும் கேக்குது. எங்க லயத்துக்கு மட்டும் கேக்கலையா? அந்தக் கம்பத்த இன்னுங் கொஞ்சம் ஒசத்தி நட்டிருக்கக் கூடாதாம்மா?"

கம்பத்தை நட்டவர்கள் யார், எங்கே நின்று எந்த மலையைப் பார்த்து உயரம் குறித்தார்கள் என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது. கங்காணி மட்டும், "போ பாக்கியம், நீ போ. நான் முழுப் பேரு போட்டுக்கிறேன்," என்றார். அன்றைய நாளை முழு வேலையாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறேன் என்று அர்த்தம். அவரால் முடிந்தது அதுதான்.

லயத்துக்குப் போய்ப் பிறப்புப் பத்திரத்தைத் தேடியெடுத்து, தோட்ட மேலாளரான தொரை வரும்வரை ஆபீஸ் வாசலில் நின்று கடிதம் வாங்கி, பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்து சேர்ந்தபோது பின்னேரமாகிவிட்டது. நான்கு பேரை விட்டிருந்தார்கள். ஐந்தாவது ஆளை மத்தியானமே கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். பாக்கியம் மண்டபத்துப் படியில் உட்கார்ந்தாள். பத்திரத்தை முந்தானையில் முடிந்திருந்தாள். அதை அவிழ்க்கவே இல்லை.

6

எப்படி அத்தனை குடும்பமும் ஒரே காலையில் வந்தது என்று விசாரித்தார்கள். மாத்தயாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் எனக்காகப் பொய் சொல்லவில்லை. தனக்குத் தமிழ் தெரியாது என்று திரும்பவும் சொன்னார். அது உண்மைதான். தமிழ் தெரிந்த பொறுப்பாளர் கிடைக்கும்வரை தமிழ் நேரத்தில் பேச்சு வேண்டாம், பாட்டு மட்டும் போகட்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. என்னைக் காப்பாற்றிய வார்த்தையே நிகழ்ச்சியை முடித்துவிட்டது. என்னை வேலையை விட்டு யாரும் நிறுத்தவில்லை. கேசட் மாற்றுகிற வேலையைக் கொடுத்தார்கள். சில மாதம் மாற்றினேன். பிறகு நானே போகவில்லை.

சிவநேசன் லோகநாதனுக்காக அலைந்தார். கொழும்பில் வக்கீல், தொழிற்சங்கம், தோட்டத்துத் தலைவர் என்று லீவு போட்டுப் போனார். சில தடவை பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு நானும் போனேன். பஸ்ஸில் இப்போது பேசிக்கொண்டோம். இரண்டு வீட்டாருக்கும் பிடிக்காமல்தான் கல்யாணம் நடந்தது. அவர் வீட்டில் "தோட்டத்துப் பெட்டை" என்றார்கள். எங்கள் வீட்டில், யாழ்ப்பாணத்து ஆட்கள் நம்மை மதிக்க மாட்டார்கள் என்றார்கள். அவரை இன்னும் இரண்டு தரம் பிடித்து வைத்துப் பிறகு விட்டார்கள். இரண்டாவது தரம் வந்து, "இனி இஞ்ச ஏலாது, ராணி," என்றார். அவருடைய அண்ணன் ஏற்கெனவே சுவிஸில் இருந்தார். வந்துவிட்டோம்.

வந்த புதிதில் அகதி முகாமில் ஒரு அதிகாரி என் தொழிலைக் கேட்காமலே 'இல்லத்தரசி' என்று எழுதிக்கொண்டார். திருத்தச் சொல்ல அப்போது எனக்கு மொழி தெரியாது. தெரிந்த பிறகு திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை.

7

இரண்டாம் தடவை தேர்வுக்கு அபியும் கூட வந்தாள். அவள் எழுதித் தந்த ஒரு பக்கத்தைத் தரை துடைத்துக்கொண்டே பாடமாக்கியிருந்தேன். மருத்துவத் தாதி ஒருத்தி, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டாள்.

இந்த முறை வேறு ஆட்கள். எந்த வேலை செய்தேன் என்று அவர்கள் கேட்கவில்லை. குப்பையைப் பற்றிக் கேட்டார்கள். போத்தலை எங்கே போடுவீர்கள், பழைய தாளை எந்தக் கிழமை வெளியே வைப்பீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டினால் என்ன செய்வீர்கள். குப்பை விஷயத்தில் என்னை வெல்ல ஆளில்லை. சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நன்றாகப் பேசுகிறீர்கள் என்றார்கள். தேறிவிட்டேன்.

வெளியே வந்ததும் அபி, "கேட்டவையோ?" என்றாள்.

"இல்ல. குப்பையத்தான் கேட்டாங்க."

அவள் முகம் விழுந்துவிட்டது. என்னைவிட அவளுக்குத்தான் ஏமாற்றம். டிராமில் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கைத்தொலைபேசியை நோண்டினாள். பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, அந்த லோகநாதனுக்கு என்ன நடந்தது? நீங்கள் அதைச் சொல்லேல்ல."

சொன்னேன். ஒரு வருடத்துக்கும் மேலாகி, குற்றம் எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். நாங்கள் நாட்டைவிட்டு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பதுளை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தோம். எனக்கு அவர் முகம் தெரியாது. பெயர் மட்டும்தான் தெரியும். சிவநேசன்தான் அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். வயது இருபத்திரண்டோ என்னவோ. பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. அம்மா சுகமா என்று கேட்டோம். சுகம் என்றார். பஸ் புறப்படப் போகும்போது என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அன்னைக்கு எங்க பேர்ல பாட்டுப் போட்டீங்களாமே. மத்தப் பயலுக சொன்னாங்க. என்னா பாட்டு?"

சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். "நல்ல பாட்டுத்தான்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

"என்ன பாட்டம்மா?" என்றாள் அபி.

வாயைத் திறந்தேன். வரவில்லை. ஐந்து பெயரும் வந்தன, தோட்டங்கள் வந்தன, பிரிவுகள் வந்தன. பாட்டு வரவில்லை. டிராம் இரண்டு நிறுத்தம் தாண்டியும் வரவில்லை. ஆயிரம் பாட்டுப் போட்டவளுக்கு அந்த ஒரு பாட்டு மறந்துபோயிருந்தது. எப்போது மறந்தது என்றுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் அப்பா வேலையிலிருந்து வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தேறிவிட்டேன் என்றேன். "சரி, நல்லது," என்றார். அபி கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"அப்பா, அண்டைக்கு அம்மா என்ன பாட்டுப் போட்டவ?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. மற்றக் காலுறையையும் கழற்றி, இரண்டையும் சேர்த்து உருட்டி வைத்தார். தலையை நிமிர்த்தாமல், ராகம் எதுவும் இல்லாமல், முதல் இரண்டு வரிகளைச் சொன்னார்.